அந்தச் சாம்பல் எதில் செய்தது?

2018 பிப்ரவரி 19, திங்கட்கிழமை. முதல் பாடவேளை முடிகிற நேரத்தில் எங்கள் தலைமையாசிரியர் அறை வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் தூக்குகிறவர். சம்பா அறுவடை முடிந்து மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்த நேரம் அது. 40 கிலோ சிப்பத்தைத் தூக்கினால்தான் கூலி. ஒரு நாள் வராவிட்டால் அன்றைய வருமானம் போச்சு. அப்படியும் வந்திருந்தார். ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் வியாழன், வெள்ளி, அன்று திங்கள் என்று மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை.

உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சிஸ்டர், புதன்கிழமை புள்ளைக்கு நெத்தியில பூசுனாங்களாமே, அந்தச் சாம்பலு எதுல செஞ்சது?"

அறையில் நான்கு பேர் இருந்தோம். நால்வருக்கும் பதில் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. அரை மணி நேரம் வேறு எதையெதையோ சொன்னோம். அவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் அந்த மாணவியின் வகுப்பாசிரியர், தமிழ் நடத்துகிறவன், பிறப்பிலேயே கத்தோலிக்கன். ஆகவே வெளியே நின்று பார்த்தவன் எழுதுகிற ஆய்வாக இது இருக்காது. மாணவியின் அடையாளம் தெரியக்கூடிய எதையும் சேர்க்கவில்லை.

பள்ளியும் ஊரும்

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் பள்ளி. ஆறு முதல் பத்து வரை உள்ள, அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது. நியமனமும் நிர்வாகமும் ஆயரின் கீழ் உள்ள மறைமாவட்டத்தினுடையது. ஊர்க் கோவிலின் குருவான பங்குத்தந்தைதான் தாளாளர். மதிலுக்கு அந்தப் பக்கம் கோவில். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் வாயில் சர்ச் என்ற சொல் அவ்வளவாக வராது, கோவில்தான். மணியடித்து, பீடத்தைத் துடைத்து, திரியேற்றுகிறவர் கோவில்பிள்ளை. இந்தக் கதையில் அவர் முக்கியமானவர், பிறகு வருகிறார்.

சிக்கல் சிங்காரவேலர், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மூன்றுமே எங்களுக்குக் கூப்பிடு தூரம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறியதும் காவி உடுத்தி நடந்துபோகிறவர்கள் எங்கள் வராந்தாவில் படுத்து எழுந்து போவார்கள். அவர்களில் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் பாதிப்பேர் சிரிப்பார்கள். வகுப்பறையும் அப்படித்தான். இந்துக் குழந்தைகள்தான் அதிகம், அடுத்து கத்தோலிக்கர், கொஞ்சம் முஸ்லிம் பிள்ளைகள். காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், விவிலிய வாசகம் எல்லாம் வரிசையாக வரும். பகல் 12 மணிக்குக் கோவில் மணி அடித்தால் மூவேளைச் செபம். கத்தோலிக்கப் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், மற்றவர்கள் சும்மா எழுந்து நிற்பார்கள். இதில் யாருக்கும் எந்தக் குறையும் இருந்ததாக எனக்குத் தெரிந்து இல்லை.

பிரிவு ஒரே இடத்தில்தான் உண்டு. வாரத்தில் இரண்டு பாடவேளை கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது தங்கள் சமயப் பாடத்துக்கு, எழுந்து போவார்கள். மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. நடைமுறையில் மறைக்கல்விக்கு ஒரு சிஸ்டர் இருந்தார், பாடநூல் இருந்தது, தேர்வும் பரிசும் இருந்தன. நன்னெறிக்கு எந்த ஆசிரியர் அந்த நேரத்தில் சும்மா இருக்கிறாரோ அவர். கணக்கு ஆசிரியர் வந்தால் கணக்கு. நான் போனால் மனப்பாடச் செய்யுள். இதை யாரும் மறைத்துச் செய்யவில்லை. எல்லாருக்கும் தெரிந்தே நடந்தது.

அந்தப் புதன்கிழமை

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்குகிறது. ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிறு ஆண்டுக்கு ஆண்டு நகர்வதால் இதுவும் நகரும். 2018இல் அது பிப்ரவரி 14இல் வந்தது. அன்று காதலர் தினமும்கூட. பத்தாம் வகுப்புப் பையன்களின் பையில் ரோஜாப்பூ இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே ஆசிரியர்களின் காலை நேரம் போய்விட்டது. முதல் நாள் இரவு மகாசிவராத்திரி. கீழ்வேளூர் கோவிலில் கண்விழித்த அப்பாக்கள் சிலர் நெற்றி நிறையத் திருநீற்றோடுதான் பிள்ளைகளைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்கள். திருநீற்றுக்கென்றே ஒரு பதிகம் பாடிய சம்பந்தரின் சீர்காழி இங்கிருந்து பேருந்துப் பயண தூரம்தான். நெற்றியில் சாம்பல் என்பது இந்த மண்ணில் யாரையும் திடுக்கிட வைக்கிற காட்சி இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வழக்கமாகச் சாம்பல் புதன் திருப்பலிக்கு (கோவிலில் நடக்கும் பூசைக்கு) கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் போவார்கள். அந்த ஆண்டு எல்லாரையும் கூட்டிப்போனோம். காரணம் பக்தி இல்லை, ஆள் பற்றாக்குறை. ஆசிரியர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்கள் திருப்பலியில் இருந்தால் மற்ற பிள்ளைகளை வகுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? இரண்டு ஆசிரியர்கள் பொதுத்தேர்வு வேலையாக வெளியே போயிருந்தார்கள். "எல்லாரும் வந்து அமைதியா உட்காரட்டும்" என்று முடிவாயிற்று. முடிவெடுத்த கூட்டத்தில் நானும் இருந்தேன், தலையாட்டினேன்.

சாம்பல் பெறும் நேரம் வந்தது. கத்தோலிக்கப் பிள்ளைகள் வரிசையில் போனார்கள். பின்னாலேயே மற்றவர்களும் எழுந்தார்கள். யாரும் போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிறவள் எழுந்தால் தானும் எழுவதுதானே பன்னிரண்டு வயது? ஃபாதர் ஒவ்வொருவர் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை வரைந்து, நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்று மெல்லச் சொன்னார். தொடக்க நூலின் மூன்றாம் அதிகாரத்திலிருந்து வருகிற வார்த்தை அது.

அவளும் வரிசையில் நின்றாள். 2017 நவம்பரில், அடைமழைக்கு நடுவில், அவளுடைய அம்மா இறந்து போயிருந்தார். துக்கத்துக்கு நான் போயிருந்தேன். வருகைப் பதிவேட்டில் அவளுடைய விடுப்பைக் குறித்ததும் நான்தான். வரிசையில் அவளுக்கு மூன்று அடி தள்ளித்தான் நின்றேன். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. பையன்கள் சிரித்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

வீட்டில் நடந்தது

இது பிறகு தெரிந்தது. மாலை வீட்டுக்குப் போனதும் அவளுடைய அப்பாயி நெற்றியைப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, சுடுகாட்டுச் சாம்பலாட்டம்?" என்று கேட்டிருக்கிறார். கிழவிக்கு அதில் உள்நோக்கம் ஒன்றும் கிடையாது. வெள்ளையாக இருந்தால் திருநீறு என்றிருப்பார்; இது கறுப்பாக இருந்தது. முகத்தைக் கழுவிவிட்டார், அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சொல் பிள்ளைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. தெருமுனையில் பாடையை விட்டுத் திரும்பிவிடுவார்கள். அம்மாவுக்கு அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்பதை அவள் பார்க்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. மறுநாள் ஆண்கள் போய்ப் பால் தெளித்து, எலும்பும் சாம்பலும் எடுத்துக்கொண்டு போனார்கள் என்ற அளவில் காதில் விழுந்திருக்கும். எங்கே போனது அந்தச் சாம்பல்? மூன்று மாதமாக உள்ளேயே கிடந்த கேள்விக்கு, கோவிலில் ஒருவர் நெற்றியில் சாம்பலைப் பூசி, நீயும் மண்ணாகத்தான் போவாய் என்று சொன்னது பதில்போல ஆகிவிட்டது. இரவு அப்பாவிடம் கேட்டிருக்கிறாள்: "பள்ளிக்கூடத்துல பூசுனது யாரோட சாம்பல்ப்பா?"

அவருக்குத் தெரியவில்லை. தெரியாததால் கேட்டுவர வந்தார்.

நாங்கள் சொன்ன பதில்கள்

அந்தக் கேள்வி காதில் விழுந்ததுமே தலைமையாசிரியரான சிஸ்டரின் முகம் மாறியது. "நாங்க யாரையும் கட்டாயப்படுத்தலைங்க" என்றார். அடுத்து அலமாரியைத் திறந்து சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்தார். பள்ளி வழிபாடுகளில் பிள்ளை கலந்துகொள்ளச் சம்மதம் என்ற வரிக்குக் கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. சட்டப்படி அந்த வரி வேண்டியதுதான். அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் கல்வி நிலையத்தில், சம்மதம் இல்லாமல் யாரையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்கச் சொல்லக் கூடாது. சிறுவர் என்றால் பாதுகாவலர் சம்மதம் வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு சொல்வது இது. சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமை 30ஆம் பிரிவில் வருகிறது. இரண்டையும் உதவித் தலைமையாசிரியர் மனப்பாடமாக ஒப்பித்தார். வந்தவர் தன் கையெழுத்தைப் பார்த்து "ஆமாங்க, நான் போட்டதுதான்" என்றார்.

பிறகு தாளாளர் ஃபாதரைக் கூப்பிட்டோம். நல்ல மனுஷர், அன்பாகவே பேசினார். சாம்பல் தாழ்மையின் அடையாளம், ஏழை பணக்காரன் எல்லாருக்கும் முடிவு ஒன்றுதான் என்பதைக் காட்டுவது, உங்கள் திருநீறும் அதைத்தானே சொல்கிறது என்றார். திருச்சபை மற்றச் சமயத்தாருக்கு ஆசி மறுப்பதில்லை என்றும் சொன்னார். அதுவும் சரிதான். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1170ஆம் விதி, தடை ஏதும் இல்லாதவரை கத்தோலிக்கர் அல்லாதவருக்கும் ஆசி வழங்கலாம் என்கிறது.

(எல்லாருக்கும் முடிவு ஒன்று என்று அவர் சொன்னபோது எனக்கு எங்கள் கல்லறைத் தோட்டம் நினைவுக்கு வந்தது. அங்கே யாரை எந்தப் பக்கம் புதைப்பது என்பது இன்னும் தெருவைப் பொறுத்துத்தான் இருக்கிறது. அது வேறு வழக்கு. இன்னொரு நாள் எழுத வேண்டும்.)

நான் என்ன சொன்னேன்? "புள்ளைய நாளைக்கு அனுப்புங்க, பாடம் போகுது" என்றேன்.

நாங்கள் நால்வரும் ஒரே தவறைத்தான் செய்தோம். நெற்றியில் திருநீறு இட்ட ஒருவர் கத்தோலிக்கப் பள்ளிக்கு வந்து சாம்பலைப் பற்றிக் கேட்டால், அது மதம் சம்பந்தமான புகாராகத்தான் இருக்கும் என்று காது தானாகவே திருத்திக் கேட்டுக்கொண்டது. கேட்டவருக்குப் புகார் இருந்ததா என்று நாங்கள் யோசிக்கவில்லை. அவர் கேட்டது ஒரு பொருளைப் பற்றி: அது எதில் செய்தது? ஒரு சொல்லில் முடிகிற பதில்.

அன்று மாலை நடந்ததைக் கோவில்பிள்ளையிடம் சொன்னேன். அவர் சட்டியை விளக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "ஓலைன்னு சொல்ல வேண்டியதுதானே சார்?" என்றார்.

ஓலை

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்து ஞாயிறன்று மக்கள் கையில் பிடித்து வரும் ஓலைகளில் மிஞ்சியதையும், வீடுகளில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்ததையும் அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு முன் எரித்துச் சலித்தால் வருவதுதான் அந்தச் சாம்பல். எங்கள் ஊரில் தென்னங்குருத்து. மந்திரித்த ஓலையைச் சிலுவையாக மடித்து நிலைக்கு மேலே செருகி வைப்பார்கள். ஆண்டு முழுக்கப் புகை படிந்து பழுத்துப் போயிருக்கும். 2018 பிப்ரவரியில் பூசியது 2017 ஏப்ரல் 9ஆம் தேதி குருத்து ஞாயிறின் ஓலை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நானும் கோவில்பிள்ளையும் அவருடைய டிவிஎஸ் வண்டியில் அந்த வீட்டுக்குப் போனோம். எரிக்காமல் மீந்திருந்த ஒரு பிடி ஓலையும் ஒரு மண்சட்டியும் எடுத்து வந்திருந்தார். போகிற வழியெல்லாம் அறுத்த வயலில் உளுந்து பச்சையாக நின்றது. பேசிக்கொண்டே போக நினைத்து ஒன்றும் பேசவில்லை.

வாசலில் சட்டியை வைத்து ஓலையைக் கிள்ளிப் போட்டுக் கொளுத்தினார். ஒரு பிடி ஓலைக்கு ஒரு சிட்டிகைதான் வந்தது. பழைய வேட்டித் துணியில் சலித்துக் காட்டினார். கறுப்பாக இருந்தது. பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதாம்மா. அதான் ஒரு வருசம் சேக்குறோம்."

"இது செத்தவங்களோடது இல்லையா?"

"தென்னமரத்தோடது."

கொஞ்ச நேரம் கழித்து அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "அப்ப அம்மாவோடது?" என்றாள். நான் எழுந்து வண்டிப் பக்கம் போய்விட்டேன். நாகப்பட்டினம் கடல், விடியற்காலை, பெரியப்பாவும் கூட வந்தார் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. புதன்கிழமை அவள் பள்ளிக்கு வந்தாள்.

எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை

அடுத்த வாரம் ஏழாம் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகளை மட்டும் கேட்டுப் பார்த்தேன்: சாம்பல் எங்கிருந்து வருகிறது? ஒரே ஒரு பையன் சரியாகச் சொன்னான், அவன் திருப்பலியில் குருவுக்கு உதவும் பீடச் சிறுவன். மற்றவர்களில் ஒருத்தி "வேளாங்கண்ணியிலேர்ந்து பார்சல் வரும் சார்" என்றாள். தவக்காலம் எத்தனை நாள், எதற்கு என்ற கேள்விகளுக்கு எல்லாரும் கேள்வி–பதிலாக ஒப்பித்தார்கள். ஆக, மறைக்கல்விக்குப் போனவர்களுக்கும் தெரியாது, நன்னெறியில் கணக்குப் போட்டவர்களுக்கும் தெரியாது. எல்லாருடைய கண்ணெதிரே ஒரு சடங்கைச் செய்தோம், ஒருவருக்கும் விளக்கவில்லை.

ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு கட்சி உருவாயிற்று. மற்றப் பிள்ளைகளைத் திருப்பலிக்குக் கூட்டிப்போகவே கூடாது, வம்பு வேண்டாம் என்று ஒரு பக்கம். எல்லாரையும் கூட்டிப்போவதுதான் நம் பள்ளியின் அடையாளம் என்று இன்னொரு பக்கம். கேட்கக் கேட்க எனக்கு அலுப்பாக இருந்தது. இரண்டு பேச்சும் யார் எங்கே உட்கார்வது என்பதைப் பற்றியதாகவே இருந்தன. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் தேதி ஒரே நாளில் கிறிஸ்தவக் கல்வி பற்றியும் மற்றச் சமயங்களோடு உள்ள உறவு பற்றியும் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. பெற்றோர்தான் பிள்ளையின் முதல் ஆசிரியர் என்கிறது முதலாவது. அந்த முதல் ஆசிரியர் நேரில் வந்து சந்தேகம் கேட்டபோது விண்ணப்பப் படிவத்தை எடுத்துக் காட்டினோம் என்று கூட்டத்தில் சொன்னேன். சிஸ்டருக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவரே வந்து, "அடுத்த வருசம் ஓலையை நம்ம கிரவுண்டிலேயே எரிப்போம் சார்" என்றார்.

ஃபாதரிடம் வேறொன்று கேட்டோம். சாம்பல் பூசும்போது சொல்வதற்குத் திருவழிபாட்டில் இரண்டு வாய்பாடுகள் உண்டு. ஒன்று மண்ணைப் பற்றியது. மற்றொன்று மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்திலிருந்து: மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள். எதைச் சொல்வது என்பது குருவின் விருப்பம். பிள்ளைகளுக்கு இரண்டாவதைச் சொல்லலாமே என்றோம். "நான் யோசிச்சிருக்கணும்" என்றார் ஃபாதர். அதற்குமேல் பேச்சு வேண்டியிருக்கவில்லை.

சம்மதக் கடிதமும் மாறியது. ஆறாம் வகுப்பில் ஒருமுறை வாங்கி அலமாரியில் வைக்கும் கையெழுத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு வழிபாட்டுக்கும் முன்னால் ஒரு துண்டுச் சீட்டு. அதில் என்ன நடக்கும், ஏன், எந்தப் பொருள் பயன்படும் என்று நாலு வரி. வராத பிள்ளைகளோடு இருக்கப் பெற்றோர் ஆசிரியர் கழகச் சம்பளத்தில் உள்ள ஆசிரியை ஒருவர். நன்னெறிப் பாடவேளை மட்டும் மாறவில்லை. ஒரு பருவம் ஒழுங்காக நடந்தது, அடுத்த பருவத்தில் கணக்கு திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் என்ற ஒன்று இருக்கும்வரை இதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றே நினைக்கிறேன்.

2019

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது. பள்ளி இரண்டு வாரம் முகாமாக இருந்தது. எங்கள் கீழ்ப்பகுதித் தெருக்களில் தென்னை பாதிக்குமேல் விழுந்துவிட்டது; தெற்கே வேதாரண்யம் பக்கம் போனவர்கள் திரும்பி வந்து பேசவே இல்லை.

2019 சாம்பல் புதன் மார்ச் 6. அந்த ஆண்டும் சிவராத்திரி பக்கத்திலேயே, 4ஆம் தேதி வந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமை மைதானத்தில் எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்கார வைத்தோம். ஒரு மாணவனின் பாட்டி வந்து திருநீறு செய்கிற முறையைச் சொன்னார்: பசுஞ்சாணியை உருட்டிக் காயவைத்து, சிவராத்திரியன்று நெல் பதரைக் கொட்டி மூட்டம் போடுவது, தானாக ஆறும்வரை கலைக்காமல் விடுவது, மேலே கறுத்ததைத் தட்டிவிட்டு உள்ளே வெளுத்ததை மட்டும் எடுப்பது. கோவில்பிள்ளை ஓலையைக் கொளுத்தினார். போன ஆண்டு மார்ச் 25ஆம் தேதி குருத்து ஞாயிறின் ஓலை. அந்த ஓலையை வெட்டிய மரங்களில் பல அப்போது இல்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அந்த ஓலை எங்க கொல்லை மரத்தோடது சார், கஜாவுல போயிடுச்சு" என்றான். உட்கார் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவள் அப்போது எட்டாம் வகுப்பு. சலிக்கிறபோது துணியின் ஒரு முனையை அவள்தான் பிடித்துக்கொண்டாள். அப்பா அனுப்பிய சீட்டில் சம்மதம், சம்மதமில்லை என்ற இரண்டு கட்டத்திலும் குறியில்லை. கீழே பென்சிலில் "அவ இஷ்டம்" என்று எழுதியிருந்தது.

மறுநாள் திருப்பலிக்கு வகுப்பு கிளம்பியபோது அவள் எழுந்திருக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மனப்பாடச் செய்யுள் எழுதிக்கொண்டிருந்தாள். நான் காரணம் கேட்கவில்லை.